அரிசி மில் ஆவியில் எம்-சாண்ட் காய வைக்கலாமா?

ஆத்தூர் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. மில்லில் மணிக்கு 1 டன் ஆவி தரும் உமி பாய்லர் இருக்கிறது. நெல் அவியல் முடிந்த பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. பக்கத்தில் ஒரு ஷெட் காலி. அதில் டைல்ஸ் ஒட்டும் பவுடர் தயாரிக்கலாம் என்று யோசனை. அதற்கு வேண்டிய எம்-சாண்ட் (கிரஷரில் பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஈரமாக வருகிறது. மணிக்கு 2 டன் மணலை ஆவியைக் கொண்டே காய வைக்க என்ன மெஷின் வாங்கலாம், எவ்வளவு ஆவி பிடிக்கும்?

முடியும். ஆனால் மெஷின் பேச்சு அப்புறம். முதலில் மணலில் இருக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். மணலைச் சூடாக்க ஆகும் செலவு கொஞ்சம்தான். பணம் போவது தண்ணீரை ஆவியாக்குவதில். அந்தத் தண்ணீரில் பாதிக்கு மேல் நெருப்பே இல்லாமல் வெளியேற்றலாம். அதைச் செய்யாமல் மெஷின் வாங்குகிறவர்கள், தேவையைப் போல் இரண்டு மடங்கு பெரிய மெஷினை வாங்கிவிட்டு உமி போதவில்லை என்று புலம்புகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ மணலை 1 டிகிரி சூடேற்ற 0.2 கிலோகலோரி போதும். தண்ணீருக்கு 1 கிலோகலோரி வேண்டும். அதுவும் 100 டிகிரிக்குக் கொண்டு வருவதற்கு மட்டும். அங்கிருந்து ஆவியாக மாற்றக் கிலோவுக்கு இன்னும் 539 கிலோகலோரி. கழுவிய எம்-சாண்ட் 1 டன் எடுத்து, அதில் 10 சதவீதம் ஈரம் இருந்தால் தண்ணீர் மட்டும் 100 கிலோ. 30 டிகிரியில் தொடங்கி 0.3 சதவீத ஈரம் வரை இறக்கச் சுமார் 72,000 கிலோகலோரி ஆகும். சுவர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போகும் நஷ்டத்துக்குக் கால் பங்கு கூட்டினால் 90,000. பாய்லர் ஆவி 1 கிலோ குளிர்ந்து தண்ணீராகும்போது சுமார் 500 கிலோகலோரி தரும். ஆக டன்னுக்கு 180 கிலோ ஆவி. இதே மணல் 6 சதவீத ஈரத்தோடு வந்தால் 120 கிலோ. 3 சதவீதம் என்றால் 75 கிலோ. உமி பாய்லரில் 1 கிலோ உமிக்கு 3 கிலோ ஆவி என்று அடக்கமாக வைத்துக்கொண்டால், டன் மணலுக்கு முறையே 60, 40, 25 கிலோ உமி. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதாவது 10 சதவீத ஈர மணல் 1 டன்னைக் காய வைக்க, 300 கிலோ நெல்லின் உமி போய்விடும்.

சரி, 10 சதவீதத்தை 3-க்குக் கொண்டு வருவது எப்படி?

முதல் வேலை வடிய விடுவது. கழுவி வந்த மணலைச் சமதரையில் கொட்டினால் தண்ணீர் அடியில் தேங்கி நிற்கும். மணல் துகள்களுக்கு இடையில் இருக்கும் நுண்ணிய சந்துகள் தண்ணீரை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் எத்தனை நாள் விட்டாலும் குவியலின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு மணல் சொதசொதவென்றுதான் இருக்கும். அதற்கு மேலே உள்ளது ஓரிரு நாளில் 5, 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இதில் இருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, குவியலை அகலமாகப் பரப்பாமல் உயரமாகக் கொட்ட வேண்டும். அப்போதுதான் அந்த ஈர அடுக்கு மொத்தத்தில் சிறு பங்காக இருக்கும். இரண்டு, லோடர்காரர் வாளியைத் தரையோடு தரையாக ஓட்டக் கூடாது. அடி ஓர் அடியை விட்டுவிட்டு மேலே இருந்து அள்ளச் சொல்லுங்கள். தரைக்குக் கான்கிரீட் போட்டு ஒரு பக்கம் சரிவு கொடுத்து, கீழே ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வைத்தால் இன்னும் நல்லது. மேலே கூரை கட்டாயம். சேலம் மாவட்டத்தில் ஆகஸ்டில் இருந்து நவம்பர் வரை சாயங்கால மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரே மழையில் இரண்டு நாள் வடிந்தது எல்லாம் வீணாகிவிடும்.

எம்-சாண்டில் தூள் அதிகம் இருந்தால் ஈரம் இறங்க மறுக்கும். 75 மைக்ரானுக்குக் கீழான மாவு தண்ணீரை விடவே விடாது. ஆகவே கிரஷரில் பேசும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். நன்றாகக் கழுவித் தூள் நீக்கிய மணலா என்று பார்த்து வாங்குங்கள். டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாலும் உமியில் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவது வேலை வெயில். ஆத்தூரில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக் களங்களைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். அதே மாதிரி சிமென்ட் களத்தில் மணலை 2 இஞ்ச் கனத்துக்குப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கிளறி விட்டால், மார்ச் முதல் மே வரையிலான வெயிலில் ஒரே பகலில் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த மாதங்களில் ஆவி கடைசிக் கை மட்டும் கொடுத்தால் போதும். மழை மாதங்களில் களம் உதவாது. அப்போதுதான் ஆவிக்கு முழு வேலை. மெஷினின் அளவை முடிவு செய்யும்போது மழை மாதத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் உமிச் செலவை முழு வருடத்துக்கும் அந்தக் கணக்கிலேயே போட்டுப் பயந்துவிட வேண்டாம்.

இனி மெஷின். ஆவியால் மணல் காய வைப்பதில் பழையது, எளியது, இன்றைக்கும் எனக்குப் பிடித்தது பைப் ஹாப்பர். ரயில் எஞ்சினில் மணல் பெட்டி இருக்கும், கவனித்திருப்பீர்கள். தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கும்போது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள். அந்த மணல் மாவு போல் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழாயில் அடைத்துக்கொள்ளும். நீராவி எஞ்சின் காலத்தில் அமெரிக்க ரயில் ஷெட்டுகளில் இதற்கென்றே ஆவி பைப் போட்ட மணல் உலர்த்திகள் இருந்தன. ஷெட்டில் எப்படியும் ஆவி இருக்கும், உங்கள் மில்லில் இருப்பது போலவே.

அமைப்பு இவ்வளவுதான்: ஓர் இரும்புத் தொட்டி, அதற்குள் குறுக்கே வரிசை வரிசையாக ஆவி பைப்புகள், அடியில் நீளவாக்கில் அரை இஞ்ச்சுக்கும் குறைவான சந்துகள். மேலே ஈர மணலைக் கொட்டுகிறோம். ஈரம் இருக்கும் வரை மணல் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சந்துக்கு மேலே பாலம் போல நிற்கும், கீழே விழாது. பைப் சூட்டில் அந்த ஈரம் போனதும் பிடி விட்டுப் போய், காய்ந்த மணல் தானாகச் சந்து வழியாக ஓடிவிடும். அது காலி செய்த இடத்துக்கு மேலே உள்ள ஈர மணல் இறங்கும். அது காயும் வரை மறுபடி நிற்கும். மோட்டார் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, ஈரம் பார்க்கும் கருவியும் இல்லை. காயாத மணலைத் தானே தடுத்து நிறுத்தும் உலர்த்தி. இதை யோசித்தவர் யாரோ, மணலின் குணத்தை நன்றாகப் படித்தவர்.

குறைகளும் உண்டு. மணல் அசையாமல் நிற்பதால் பைப்பில் இருந்து சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். பைப்பை ஒட்டிய மணல் காய்ந்துவிட்டால் அதுவே சூட்டைத் தடுக்கும் போர்வையாகிவிடும். அதனால் அதே அளவு மணலுக்கு நிறைய பைப் வேண்டும். சில நேரம் பக்கச் சுவர் ஓரமாக ஈரக் கட்டி அப்படியே நின்று, நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழுந்து, அதன் வழியாக ஈர மணல் நழுவி வந்துவிடும். தொட்டிச் சுவரில் ஒரு சின்ன வைப்ரேட்டர் வைத்து, அதை எப்போதாவது சில விநாடி ஓட விட்டால் போதும். தொடர்ந்து ஓட விட்டால் ஈர மணலையும் சேர்த்து இறக்கிவிடும். இன்னொன்று, கிளம்பும் ஈர ஆவி வெளியேற வழி வேண்டும். தொட்டியை இறுக்கமாக மூடி வைத்தால் அது குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பவும் மணல் மேலேயே சொட்டும். மேலே கூண்டு வைத்து, அதற்கும் சூடு காக்கும் உறை போட்டு, சின்ன விசிறியால் இழுங்கள்.

அடுத்தது, சுழலும் டிரம்முக்குள் நீளவாக்கில் ஆவி பைப்புகள் போட்ட உலர்த்தி. டிரம் நிமிடத்துக்குச் சில சுற்று மட்டும் சுற்றும். மணல் பைப்புகள் மேல் புரண்டு புரண்டு விழுவதால் சூடு ஹாப்பரைவிட இரண்டு மடங்கு வேகமாக ஏறும். தொழில் பெரிதானால் இதுதான் சரியான மெஷின். ஆனால் சுற்றுகிற டிரம்முக்குள் ஆவியை அனுப்பவும், குளிர்ந்த தண்ணீரை வெளியே எடுக்கவும் சுழல் மூட்டு வேண்டும். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து எம்-சாண்ட் பெரும்பாலும் சார்னோகைட் வகைப் பாறையை உடைத்தது. சேர்வராயன் மலையே அந்தப் பாறைதான். ஆற்று மணல் உருண்டு வழுவழுப்பாக இருக்கும், இது ஓரம் எல்லாம் கூராக இருக்கும். பைப்பை அரம் போல ராவிவிடும். கனமான பைப் போட்டு, வருடத்துக்கு ஒரு முறையாவது கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். பைப் ஓட்டையானால் உலர்த்தியே மணலை நனைக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, காற்றில் மணலை மிதக்க விட்டுக் காய வைக்கும் படுக்கை. உங்கள் நெல் டிரையரில் இருக்கும் ஆவி ரேடியேட்டர் போலவே ஒன்று வைத்துக் காற்றைச் சூடாக்கி அடியில் இருந்து ஊதுவது. மணலுக்கு இது அழகாக வேலை செய்யும், ஒரே அளவு துகள் என்றால். கிரஷர் மணலில் மாவும் இருக்கிறது, 4 மில்லிமீட்டர் கல்லும் இருக்கிறது. மாவு பறந்துவிடும், கல் அடியில் தங்கிவிடும். போதாததற்கு வெளியேறும் சூடான காற்றோடு சூடும் போவதால், பைப்பை நேரே மணலில் புதைப்பதைவிட ஆவி மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகச் செலவாகும். புளோயர் கரண்ட் தனி. உள்ளே ஆவி ஓடும் திருகு உலர்த்தியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். மணலுக்கு வேண்டாம், திருகின் இலைகள் தேய்ந்தே தீரும்.

ஆவியே வேண்டாம், உமி அடுப்புப் புகையை நேராக டிரம்முக்குள் விட்டால் என்ன என்று யாராவது சொல்வார்கள். மணிக்கு 5 டன்னுக்கு மேல் போனால் நானும் அதையே சொல்வேன். மெஷின் மலிவு, வேகம் அதிகம். ஆனால் உமிச் சாம்பலும் கரியும் மணலில் கலக்கும். ஒட்டும் பவுடர் விற்க நினைக்கிறவருக்கு அது ஒத்து வராது. ஆவியில் அந்தத் தொல்லை இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்த ஆவி என்றாலும் சூடு 170 டிகிரியைத் தாண்டாது.

இப்போது அளவு. நீங்கள் மணிக்கு 2 டன் கேட்கிறீர்கள். ஏன் 2 டன் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டும் பவுடரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மணல், மீதி சிமென்டும் ரசாயனப் பவுடர்களும். மணிக்கு அரை டன் மணல், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் என்றாலே 5 டன் மணல். சரக்காகச் சுமார் 8 டன், 20 கிலோ மூட்டையில் 400 மூட்டை. புதுப் பெயரில் தினமும் 400 மூட்டை விற்றுக் காட்டுவது, மணல் காய வைப்பதைவிடக் கஷ்டமான வேலை. என் பேச்சைக் கேட்டால், அரை டன் பைப் ஹாப்பரில் தொடங்குங்கள். சேலத்தில் பிளேட் வளைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த எந்தப் பட்டறையும் இதைச் செய்து கொடுக்கும். வியாபாரம் பிடித்த பிறகு டிரம் வாங்கலாம். அப்போது ஹாப்பரையே முன்சூடாக்கும் தொட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

அரை டன்னுக்கு மோட்டாக ஒரு கணக்கு. மணல் 3 சதவீத ஈரத்தில் வருகிறது, பைப்பில் 3 கிலோ அழுத்த ஆவி, அதன் சூடு சுமார் 143 டிகிரி. நிற்கும் மணலுக்குள் சூடு போகும் வேகத்தைக் குறைவாகவே எடுத்துக்கொண்டால் 15 சதுர மீட்டர் பைப் பரப்பு தேவை. 1¼ இஞ்ச் பைப் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.13 சதுர மீட்டர் தரும். 3 மீட்டர் துண்டாக 40 பைப், வரிசைக்கு 8, அப்படி 5 வரிசை, ஒரு வரிசையின் பைப் அடுத்த வரிசையின் சந்துக்கு நேராக வரும்படி. பைப்புக்குப் பைப் இடைவெளி 2 இஞ்ச். தொட்டியில் 1 டன்னுக்குக் கொஞ்சம் மேல் மணல் நிற்கும், இரண்டரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுக் கீழே இறங்கும். ஆவிச் செலவு மணிக்கு 40 கிலோ. உங்கள் 1 டன் பாய்லருக்கு இது ஒரு சுமையே இல்லை.

ஒரு மழை வாரத்தில் மணல் 6 சதவீதத்தில் வந்தால்? ஹாப்பர் அடைத்துக்கொள்ளாது, மெதுவாக இறக்கும், அவ்வளவுதான். மணல் கட்டி பிடித்திருந்தால், காய்ந்த மணலில் ஒரு பங்கை எடுத்து ஈர மணலோடு கலந்து கொட்டுங்கள். கட்டி உடைந்துவிடும், பைப்பில் சேறு ஒட்டாது.

ஆவிப் பக்கத்தில் அசட்டையாக இருந்தால் இத்தனையும் வீண். ஒவ்வொரு பைப் வரிசையும் வெளியேறும் பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், 100-க்கு 1 போதும். கடைசியில் மிதவை வகை ஸ்டீம் ட்ராப், அதாவது ஆவியைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடும் கருவி. காலையில் குளிர்ந்த பைப்பில் ஆவி விடும்போது, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் சேரும்; ட்ராப்பை அந்தக் கணக்குக்கு வாங்குங்கள். பைப்பில் இருக்கும் காற்று வெளியேறாவிட்டால் ஆவி உள்ளே வராது, ஆகையால் காற்றுப் போக்கி தேவை. வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீர் மேல் ஆவி பாய்ந்தால் பைப் சம்மட்டியால் அடித்தது போல் அதிரும், வளைவில் வெல்டிங் விட்டுப் போகும். ட்ராப்பில் இருந்து வரும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் தொட்டிக்குத் திருப்புங்கள். தொட்டித் தண்ணீர் 6 டிகிரி சூடு ஏறினால் உமியில் சுமார் 1 சதவீதம் மிச்சம்.

நெல் அவிக்க வால்வைத் திறக்கும் நேரத்தில் பாய்லர் அழுத்தம் சட்டென்று இறங்கும். டிரம் உலர்த்தி என்றால் அந்தக் கால் மணி நேரத்தில் ஈர மணல் வெளியே வந்துவிடும். ஹாப்பரில் அந்தப் பயம் இல்லை. சூடு குறைந்தால் மணல் இறங்குவதும் குறையும். உங்களுக்கு ஹாப்பரைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்ட விஷயம். 1923-ம் வருடத்துப் பாய்லர் சட்டத்துக்குப் பதில் 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 3.5 கிலோவுக்கு மேல் அழுத்தம் ஓடும் ஆவி பைப் பாய்லர் விதிகளுக்குள் வரும். நான் 3 கிலோ என்று சொன்னது அதையும் மனதில் வைத்துத்தான். ஆனாலும் மெயின் பைப்பில் இருந்து அழுத்தம் குறைக்கும் வால்வு வரை உள்ள துண்டு முழு அழுத்தத்தில் இருக்கும். அந்த இணைப்புக்கு வரைபடம் போட்டுப் பாய்லர் துறையில் ஒப்புதல் வாங்குங்கள், ஐ.பி.ஆர். (இந்தியப் பாய்லர் விதிகள்) படியான பைப்பும், சான்று பெற்ற வெல்டரும் வேண்டும். குறைக்கும் வால்வுக்குப் பின்னால் சேஃப்டி வால்வு இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். 500 கிராம் மணலை எடை போட்டு, வாணலியில் வறுத்து, ஆறியதும் மறுபடி எடை போடுங்கள். ஒன்றரை கிராமுக்கு மேல் குறைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த அளவு ஈரமே சிமென்டை மூட்டைக்குள் கட்டியாக்கப் போதும்.

வெளியே வரும் மணல் 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை அப்படியே கலவையில் போடாதீர்கள். ஒட்டும் பாலிமர் பவுடர் சூட்டில் இளகி உருண்டை பிடிக்கும். 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். ஆற வைக்கும் தொட்டியைச் சூடாக இருக்கும்போதே இறுக மூடினால், மிச்ச ஈரம் உள்சுவரில் வியர்த்து ஒழுகும். சல்லடை போடுவதும் காய்ந்த பிறகே. ஈர மணல் மெல்லிய வலையை நிமிடத்தில் அடைத்துவிடும்.

கடைசியாகத் தூசி. ஈர மணலில் தூசி பறக்காது. காய்ந்த மணல் சந்தில் இருந்து விழும் இடத்திலும், சல்லடையிலும், மூட்டை பிடிக்கும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா பறக்கும். நெல் தூசி மாதிரி தும்மினால் போய்விடுகிற தூசி இல்லை இது. நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆனால் குணப்படுத்த மருந்து கிடையாது. இந்த மூன்று இடங்களிலும் உறை போட்டு, தூசியைத் துணிப் பைகளில் வடிகட்டும் பேக் ஃபில்டருக்கு இழுங்கள். ஹாப்பர் மேலே வரும் ஈர ஆவியை மட்டும் அதே ஃபில்டருக்குக் கொண்டு போகாதீர்கள். துணி நனைந்து, தூசி சேறாகப் படிந்துவிடும். துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்வது போதாது. சரியான முகக்கவசத்தை முதலாளியும் போட்டுக்கொண்டு நின்றால்தான் ஆட்களும் போடுவார்கள். பட்ஜெட் போடும்போது ஹாப்பருக்கு முன்னால் இந்தச் செலவை எழுதிவிடுங்கள்.